துடுப்பும் கையும்

மனிதனது கை, பூனையின் முன்கால், வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகிய நான்கும் தோற்றத்தால் வேறுபட்டவை. செய்யும் தொழிலாலும் வேறுபட்டவை. ஒன்று பற்றுகின்றது, ஒன்று பாய்கின்றது, ஒன்று பறக்கின்றது, ஒன்று நீந்துகின்றது. ஆயினும் தோலையும் தசையையும் நீக்கி எலும்பை மட்டும் நோக்குவார்க்கு நான்கிலும் ஒரே அமைப்புப் புலனாகும். தோளை அடுத்து ஓர் எலும்பு, அதனை அடுத்து இரண்டு, பின்னர் மணிக்கட்டின் சிறிய எலும்புகள் பல, இறுதியில் விரல்கள். இவ்வொற்றுமையை உடற்கூற்று நூலார் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டிருந்தனர். இவ்வுயிர்கள் யாவும் ஒரு மூதாதையின் வழிவந்தமையே இதற்குக் காரணம் என்று 1859ஆம் ஆண்டில் டார்வின் விளக்கினார்.

அவ்வழியைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால் நீரில் வாழ்ந்த மீனிடம் போய்ச் சேர்வோம். ஆனால், மீனின் துடுப்பிலோ விரல் இல்லை. அடியில் சில எலும்புகளும், அவற்றுக்கப்பால் விசிறியின் குச்சிகள் போன்ற மெல்லிய கதிர்களுமே உள்ளன. அங்ஙனமாயின் விரல் எங்கிருந்து வந்தது? மீனிடம் இருந்த ஒன்று மாறி விரலாயிற்றா? அன்றி, முன்பு இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றிற்றா? இவ்வினா அறிஞரை நூறாண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தது. புதைந்து கல்லாகிப்போன எலும்புகளில் மட்டுமே தேடியவரை இதற்கு முழு விடை கிட்டவில்லை. விடை தேடிய மற்றொரு வழி, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், ஓர் ஈயினிடத்தில் தொடங்கிற்று.

1894ஆம் ஆண்டில் வில்லியம் பேட்சன் என்னும் ஆங்கில அறிஞர், உயிர்களின் உடலில் காணப்படும் பிறழ்ச்சிகளைத் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். ஓர் உறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் உறுப்பு முழுவடிவத்துடன் தோன்றுதல் அவற்றுள் ஒருவகை. பூச்சியின் தலையில் உணர்கொம்பு முளைக்கவேண்டிய இடத்தில் கால் முளைத்தல் போன்றவை அவ்வகையைச் சார்ந்தன. இவை வெறும் விந்தைகளல்ல. உடல் எவ்வாறு அமைகின்றது என்பதை அறிவதற்குரிய திறவுகோல்கள் என்று பேட்சன் கருதினார். ஆனால், அத்திறவுகோலைக் கொண்டு பூட்டைத் திறக்கும் காலம் அப்பொழுது வரவில்லை.

அழுகிய பழங்களை மொய்க்கும் சிறிய பழ ஈயை அறியாதார் இலர். அதற்குச் சிறகுகள் இரண்டே. அவற்றின் பின்னே, பறக்கும்பொழுது உடலைச் சமன் செய்வதற்குரிய இரு சிறு தண்டுகள் உண்டு. கலிபோர்னியாவில் எட்வர்டு லூயிஸ் என்னும் அறிஞர் இவ்வீக்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்த்து ஆராய்ந்தார். மரபணுக்களில் நேர்ந்த சில மாறுதல்களை ஒன்றுசேர்த்து, தண்டுகள் இருக்கவேண்டிய இடத்தில் மேலும் இரு சிறகுகள் முளைத்த ஈயை அவர் உண்டாக்கினார். அந்த ஈயின் மார்பில் ஒரு பகுதி, தான் யார் என்பதை மறந்து, தனக்கு முன்னுள்ள பகுதியைப் போலவே வளர்ந்துவிட்டது. தம் முடிபுகளை அவர் 1978ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார். அவர் கண்ட மற்றோர் உண்மை இதனினும் வியப்புடையது. உடலின் பகுதிகளை ஆளும் மரபணுக்கள், அப்பகுதிகள் உடலில் எவ்வரிசையில் உள்ளனவோ அவ்வரிசையிலேயே குரோமோசோமிலும் நிற்கின்றன. இவ்வாராய்ச்சிக்காக 1995ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவரும் பங்கு பெற்றார்.

இம்மரபணுக்கள் சிறகையோ காலையோ தாமே ஆக்குவனவல்ல. வீடு கட்டுமிடத்தில் கல்லும் மண்ணும் சுமப்பவர் பலர். இன்ன இடத்தில் சுவர், இன்ன இடத்தில் வாயில் என ஆணையிடுபவர் ஒருவர். இவை அவ்வாணை பிறப்பிக்கும் மரபணுக்கள். இவை ஆக்கும் புரதம், டி.என்.ஏ. இழையின் குறித்த இடங்களில் பற்றிக்கொண்டு, பிற மரபணுக்களைத் தொழிற்படச் செய்கின்றது. அல்லது அடக்கி வைக்கின்றது.

1983, 1984ஆம் ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்டர் கேரிங் என்பவரின் ஆய்வகத்தாரும், அமெரிக்காவின் இந்தியானாவில் மாத்யூ ஸ்காட் முதலியோரும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். ஈயின் ஆணை மரபணுக்கள் பலவற்றுள் 180 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. அதற்கு ஹோமியோபாக்ஸ் என்று பெயரிட்டனர். அப்பகுதியையே தூண்டிலாகக் கொண்டு பிற உயிர்களின் டி.என்.ஏ.வில் தேடியபொழுது, தவளையிலும் எலியிலும் மனிதனிலும் அதுவே அகப்பட்டது. ஈயின் வழியும் எலியின் வழியும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அத்துணைக் காலம் கடந்தும், உடலின் முன்பின் வரிசையை வகுக்கும் ஆணைகள் இரண்டிலும் ஒரே குடும்பத்தனவாக இருந்தன. வரிசையாக நிற்கும் அம்மரபணுக்களை இன்று ஹாக்ஸ் மரபணுக்கள் என வழங்குகின்றனர்.

கண்ணுக்குரிய ஆணை மரபணுவான பாக்ஸ்-6 பற்றிய சோதனையும் ஈண்டு அறியத்தக்கது. எலியின் பாக்ஸ்-6 மரபணுவை ஈயின் உடலில் வேண்டாத இடத்தில் தொழிற்படச் செய்தபொழுது, அங்கே கண் முளைத்தது என 1995இல் கேரிங் குழுவினர் அறிவித்தனர். முளைத்தது எலியின் கண் அன்று, ஈயின் கண்ணே. ஆணை எலியினுடையது, அதனைக் கேட்டுப் பணிசெய்த கைகள் ஈயினுடையவை.

இனி ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆணைகள் இவ்வாறு ஒத்திருக்குமாயின், ஈ ஈயாகவும் மீன் மீனாகவும் இருப்பது ஏன்? இவ்வையத்துக்குரிய விடையின் ஒரு கூறு எண்ணிக்கையில் உள்ளது. ஈயிடம் இருப்பது 8 ஹாக்ஸ் மரபணுக்கள் கொண்ட ஒரே வரிசை. அதுவும் இரண்டாக முறிந்து கிடக்கின்றது. எலியிடமும் மனிதனிடமும் வரிசைகள் நான்கு. அவை நான்கு வேறு குரோமோசோம்களில் உள்ளன. மரபணுக்கள் மொத்தம் 39. ஒன்று நான்கானது எப்பொழுது?

இதற்குச் சான்று கூற வந்தது ஒரு சிற்றுயிர். ஆம்பியாக்ஸஸ் என்பது கடலோரத்து மணலில் உடலைப் புதைத்துத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வாழ்வது; நீளம் 5 சென்டிமீட்டர் அளவே. இருபுறமும் கூரிய அதன் உடலில் முதுகெலும்பு இல்லை, தாடை இல்லை. முதுகெலும்பின் இடத்தில் வளையும் தன்மையுள்ள ஒரு தண்டு மட்டும் உண்டு. 1774ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விவரித்த பல்லாஸ் என்னும் பேரறிஞரே இதனை ஒருவகை நத்தையினம் எனப் பிழைபடக் கொண்டார். முதுகெலும்புடைய உயிர்களுக்கு அண்மையில் நிற்கும் இவ்வுறவினனிடம் ஹாக்ஸ் வரிசை ஒன்றே உள்ளதென்று 1994இல் கார்சியா-பெர்னாண்டஸ், பீட்டர் ஹாலண்டு என்னும் இருவர் காட்டினர். ஆம்பியாக்ஸஸின் வழி பிரிந்த பின்னரே, முதுகெலும்புடையவற்றின் வழியில் ஒன்று பலவாயிற்று என்பது இதனால் தெளிவாயிற்று. பெருகியவை ஹாக்ஸ் மரபணுக்கள் மட்டுமல்ல. அம்மூதாதையின் மரபணுக்கள் அனைத்துமே ஒருமுறை இரட்டித்தன. பின்னர் மீண்டும் ஒருமுறை இரட்டித்தன.

இத்தகைய இரட்டிப்பே உயிர்களில் புதுமை தோன்றுதற்கு வாயில் என்று, இச்சான்றுகள் கிடைப்பதற்கு முன்னரே துணிந்து கூறியவர் சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியர். கலிபோர்னியாவில் பணியாற்றிய அவர் 1970ஆம் ஆண்டில் இக்கொள்கையை ஒரு நூலாக வெளியிட்டார். அவர் எதிர்கொண்ட சிக்கல் எளிதில் தீர்வதன்று. ஒரு மரபணு உயிர்வாழ்வதற்கு இன்றியமையாததாயின் அஃது எவ்வாறு மாற இயலும்? சிறிது பிறழ்ந்தாலும் கரு அழிந்துபடும். பிறழ்ந்த மரபணுவும் அதனோடு மறையும். ஆகவே, இயற்கைத் தெரிவு பழையதைக் காத்து நிற்குமேயன்றிப் புதியதைப் படைத்தல் அரிது. மாறாவிடின் புதுமை இல்லை. மாறினால் உயிரே இல்லை.

பனையேட்டில் நூல்களை எழுதிக் காத்துவந்த காலத்தை நினைந்தால் ஓனோவின் விடை எளிதில் விளங்கும். ஒரு நூலுக்கு ஒரே ஏடு இருக்குமாயின், அதில் கைவைத்துத் திருத்த எவரும் அஞ்சுவர். பிழைபட்டால் நூலே கெட்டொழியும். அதனையே பெயர்த்தெழுதிய மற்றோர் ஏடும் இருக்குமாயின் அச்சம் இல்லை. ஒன்று நூலைக் காக்கும். மற்றொன்றில் சொல் மாறலாம், அடி குறையலாம், புதிய பாடமும் தோன்றலாம். அம்மாற்றங்களுள் பெரும்பாலானவை பயனற்ற பிழைகளே. எங்கோ ஒன்று மட்டும் பழைய பாடத்தினும் சிறந்ததாக அமையும். மரபணு இரட்டித்தபொழுதும் நிகழ்ந்தது இதுவே. படிகளுள் ஒன்று பழைய தொழிலைச் செய்துகொண்டிருக்க, மற்றது மாறுதற்கு உரிமை பெற்றது. ஆனால், ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்க்கு ஒரு நோக்கம் இருந்தது. மரபணுவைப் பெயர்த்தெழுதிய உயிரணுவுக்கு அத்தகைய நோக்கம் ஏதும் இல்லை என்பதை மறத்தலாகாது.

படிகளின் கதி பெரும்பாலும் அழிவே. ஹாக்ஸ் மரபணுக்களை 13 இனங்களாகப் பகுப்பர். நான்கு வரிசையிலும் பதின்மூன்றும் நிறைந்திருக்குமாயின் மனிதனிடம் 52 இருத்தல் வேண்டும். இருப்பவை 39. எஞ்சியவை வழியிலேயே உதிர்ந்துபோயின.

எலும்பு மீன்களின் கதையோ இதனோடு நிற்கவில்லை. கங்கையாற்றுப் படுகையின் வயல்நீரிலும் ஓடைகளிலும் நீலக்கோடுகள் ஓடிய சின்னஞ்சிறு மீன் ஒன்று வாழ்கின்றது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர், கங்கையின் மீன்களைப் பற்றித் தாம் 1822இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். இன்று வரிக்குதிரை மீன் எனப்படுவது அதுவே. விரல் நீளமும் இல்லாத அம்மீன் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றது. அதன் முட்டை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத்தக்கது. ஒரு நாளுக்குள்ளேயே கருவில் தலையும் வாலும் கண்ணும் அமைவதை உருப்பெருக்கியின்கீழ் கண்ணாரக் காணலாம். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்பவரே இதனை மரபணு ஆராய்ச்சிக்குரிய மீனாக நிலைநாட்டினார்.

அவ்வொரிகனிலேயே ஜான் போசில்த்வெயிட் முதலியோர் இம்மீனின் ஹாக்ஸ் வரிசைகளை எண்ணினர். நான்கு இருக்கும் என எதிர்பார்த்த இடத்தில் ஏழு இருந்தன. 1998இல் இதனை அவர்கள் வெளியிட்டனர். எலும்பு மீன்களுள் மிகப் பெரும் பிரிவின் மூதாதையில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, மரபணுத் தொகுதி மூன்றாம் முறையாக முழுவதும் இரட்டித்துவிட்டது. நான்கு எட்டாகி, எட்டில் ஒன்று மரபணுக்களை இழந்தது. எஞ்சியவை ஏழு என்பது அவர்கள் கண்ட விளக்கம். சினந்தால் உடலைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீனிடமும் வரிசைகள் ஏழே. ஆனால், அஃது இழந்த வரிசை வேறு. ஒரே செல்வத்தைப் பங்கிட்டுக்கொண்ட உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு நிலத்தை விற்றது போன்றது இது.

சால்மன் மீனின் குலத்தில் நான்காம் முறையும் இரட்டிப்பு நிகழ்ந்தது. அட்லாண்டிக் சால்மனிடம் 13 ஹாக்ஸ் வரிசைகள் உள்ளன. மரபணுக்களின் தொகையே உயர்வுக்கு அளவுகோல் எனின், சால்மன் மனிதனினும் உயர்ந்ததாதல் வேண்டும்! தொகையைவிடத் தொழிற்பகுப்பே கருதத்தக்கது.

அத்தொழிற்பகுப்பு எவ்வாறு நிகழ்கின்றது? இரட்டித்த படிகளுள் ஒன்று புதுத்தொழில் பெறும், அன்றி அழியும் என்பதே ஓனோவின் கருத்து. ஆயினும், அக்கணக்கின்படி அழிந்திருக்கவேண்டிய படிகள் பல மீன்களிடத்து அழியாமல் நிற்கக் கண்டனர். 1999இல் போசில்த்வெயிட்டும் ஆலன் போர்ஸ், மைக்கேல் லிஞ்ச் முதலிய அறிஞரும் இதற்கு ஒரு காரணம் கூறினர். ஒரு மரபணுவைச் சூழ்ந்து, அஃது எந்த உறுப்பில், எந்த நேரத்தில் தொழிற்படவேண்டும் என்பதைக் குறிக்கும் விசைகள் பல உள்ளன. இரட்டித்த பின்னர் ஒரு படி ஒரு விசையை இழக்கின்றது. மற்றது வேறொரு விசையை இழக்கின்றது. இனி, ஒன்றில்லாமல் மற்றொன்று முழுத்தொழிலையும் செய்ய இயலாது. ஆகவே, இரண்டும் நிலைத்துவிடுகின்றன. புதிதாக ஒன்றும் ஈட்டாமல், இழப்பினாலேயே இரண்டும் இன்றியமையாதன ஆயின. இஃது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது. எலியில் என்கிரெயில்டு-1 என்னும் மரபணு ஒன்றே கருவின் கால்மொட்டிலும் பின்மூளையிலும் தொழிற்படுகின்றது. வரிக்குதிரை மீனில் அதற்குப் படிகள் இரண்டு. ஒன்று துடுப்பின் மொட்டிலும், மற்றொன்று பின்மூளையின் நரம்பணுக்களிலும் தொழிற்படுகின்றன.

விசை ஒன்று அறுந்தால் உடல் எவ்வளவு மாறும் என்பதை முள்மீன் ஒன்று காட்டுகின்றது. முதுகில் மூன்று முட்களையுடைய ஸ்டிக்கிள்பேக் என்னும் அம்மீனுக்குக் கடலில் வாழும்பொழுது வயிற்றுப்புறத்திலும் முட்கள் உண்டு; அவை பின்துடுப்பின் திரிபு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறைகள் உருகி உண்டான ஏரிகளில் புகுந்த மீன்கள் பல, அவ்வயிற்று முட்களை இழந்தன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் கிங்ஸ்லி குழுவினர் இதற்குக் காரணம் தேடி, பிட்எக்ஸ்-1 என்னும் மரபணுவை அடைந்தனர். மரபணுவில் பழுதில்லை. தாடை முதலிய பிற உறுப்புகளுக்கும் அது வேண்டியிருத்தலின், பழுதுபட்டிருந்தால் மீன் தீங்குற்றிருக்கும். பின்துடுப்புக்குரிய விசை மட்டுமே டி.என்.ஏ.வினின்று அறுந்துபோயிருந்தது. அவ்விசையை மரபணுவோடு மீண்டும் சேர்த்துக் கருவில் செலுத்தியபொழுது, முள்ளற்ற குலத்தில் பிறந்த மீனுக்கு வயிற்றுப்புறத்து உறுப்பு மீண்டும் வளர்ந்தது. இஃது 2010இல் வெளியாயிற்று.

இனி விரலுக்கு வருவோம். பதின்மூன்றாம் இனத்து ஹாக்ஸ் மரபணுக்கள் உடலின் கடைக்கோடியை ஆள்பவை. கையின் கடைக்கோடியாகிய விரல்களும் அவற்றின் ஆட்சிக்கு உட்பட்டவை. சில குடும்பங்களில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியும், மிகுதியாக ஒரு விரல் இடையே தோன்றியும் குழந்தைகள் பிறப்பதுண்டு. ஹாக்ஸ்-டி13 என்னும் மரபணுவில் நேர்ந்த பிறழ்ச்சியே அதற்குக் காரணம் என 1996இல் கண்டனர். அவ்வாண்டிலேயே எலியில் டி13, ஏ13 ஆகிய இரண்டையும் நீக்கிப் பார்த்தனர். தோளும் முழங்கையும் இயல்பாக அமைந்தன. விரல்கள் மட்டும் உருவாகவில்லை.

மீனிடமும் இம்மரபணுக்கள் உள்ளன. விரலில்லாத உயிருக்கு விரலின் ஆணை எதற்கு? ஜெனீவா நகரின் டெனி டூபூல் குழுவினர் 1995இல் வரிக்குதிரை மீனின் துடுப்பு மொட்டை ஆராய்ந்தனர். எலியில் விரல் உருவாகும்போது இம்மரபணுக்கள் இரண்டாம் முறையாக எழுந்து தொழிற்படும் நிலை மீனில் தென்படவில்லை. எனவே, விரல் நிலவுயிர்கள் புதிதாகப் பெற்ற உறுப்பு என்னும் கருத்து வலுப்பெற்றது. பின்னர் 2007இல், மூக்கு நீண்டு தட்டையான ஒருவகை வட அமெரிக்க ஆற்று மீனில், அவ்விரண்டாம் எழுச்சி இருப்பது புலனாயிற்று. அதனால் கருத்து மீண்டும் அசைந்தது.

அவ்வாற்று மீனை ஆராய்ந்தவருள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நீல் ஷூபின் ஒருவர். இவர் முதலில் கல்லிலேயே விடை தேடியவர். கனடாவின் வடகோடியில் பனிமூடிய எல்ஸ்மியர் தீவில், 37 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட டிக்டாலிக் என்னும் மீனின் எச்சத்தை 2004இல் இவர் குழுவினர் கண்டெடுத்தனர். அதன் துடுப்பினுள் மணிக்கட்டை ஒத்த எலும்புகள் இருந்தன, கதிர்களும் இருந்தன. கல்லில் கண்டதை உயிரில் சோதிக்க விரும்பிய இவர், பின்னர்க் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வரிக்குதிரை மீனிடம் வந்தார்.

அங்கே இரட்டிப்பே இடையூறாக நின்றது. ஒரு படியை நீக்கினால் மற்றொரு படி அதன் குறையை ஈடுசெய்துவிடும். ஆகவே, பல ஆண்டுகள் உழைத்து, ஹாக்ஸ்-13 மரபணுக்களின் படிகளைப் பலவாறு சேர்த்து நீக்கிய மீன்களை அவர்கள் வளர்த்தனர். 1995இல் டூபூல் குழுவினரிடம் இல்லாத புதிய கருவி, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்னும் முறை, அவர்களுக்கு உதவிற்று. முடிவு 2016இல் வெளியாயிற்று. ஏ13 இனத்துப் படிகள் நீங்கிய மீன்களின் துடுப்பில், விசிறிக் குச்சிகள் போன்ற கதிர்கள் மிகவும் குறுகிப்போயின. அடியிலுள்ள சிறிய எலும்புகளோ எண்ணிக்கையில் மிகுந்தன. எலியில் விரலை ஆக்கும் அதே ஆணைதான் மீனில் துடுப்பின் கதிரை ஆக்குகின்றது. ஒரே மொட்டின் நுனியிலுள்ள உயிரணுக்கள் ஒருவழிப்பட்டால் கதிராகின்றன; மற்றொரு வழிப்பட்டால் உள்ளெலும்பாகின்றன.

மீனின் கதிரும் மனிதனது விரலும் ஆக்கப்படும் பொருளால் வேறானவை. கதிரின் எலும்பு தோலையடுத்து நேராகவே உண்டாவது. விரலின் எலும்பு முதலில் குருத்தெலும்பாகத் தோன்றிப் பின்னர் முற்றுவது. ஆகவே, கதிரே விரலாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. ஆணை பழையது, அதனை ஏற்று எழுந்த உறுப்பு புதியது. அவ்வாணையின் விசைகளுள் எவை மீனிடமே இருந்தவை, எவை நிலத்துக்கு ஏறிய பின்னர் வாய்த்தவை என்பதைச் சிகாகோவிலும் ஜெனீவாவிலும் அறிஞர் இன்னும் ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்து வருகின்றனர்.